வெறும் வயித்து மத்தியஸ்தம்

பொம்மி, மொச்சையை வாயில போடாத. பச்சையா தின்னா வயிறு வலிக்கும். இப்படி வா, என் தொடைமேல தலையை வச்சுப் படு. உன்னைத் தட்டிக் குடுக்க முடியாது, கையெல்லாம் மொச்சைத் தோலு. இந்தக் குண்டான் மொத்தமும் பிதுக்கி வச்சாத்தான் உங்க ஆயா காலையில குழம்பு வைப்பாங்க. கை வேலை செய்யட்டும், வாய் கதை சொல்லட்டும். நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும். மெதுவாத்தான் சொல்லுவேன், முன் ரூம்ல உங்க தாத்தா டிவி பாக்குறாரு. என் குரல் அவருக்குக் கேட்டா எனக்குக் கூச்சமா இருக்கும்.

ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்கல்லு இருந்துச்சாம்.

என்னது, ராஜாவா? இல்லடி, ராஜா வேற கதைக்குப் போயிருக்காரு. இதுல ஆட்டுக்கல்லுதான். மாவு அரைக்குற கல்லு. கரண்டுல ஓடுறது இல்ல, கையால சுத்துறது. தரையில பாதி புதைச்சு நட்டிருக்கும். நடுவுல ஒரு குழி. அந்தக் குழிக்குள்ள நிக்கும் குழவி, குண்டா, வழவழன்னு, உங்க தாத்தா தலை மாதிரி. உஸ்! சிரிக்காத, கேட்டுறப் போகுது.

அந்தக் கல்லு ஒரு அம்மாவோடது. அந்தம்மா கடகட கடகடன்னு குழவியைச் சுத்துவாங்க, மாவு புஸ்ஸுன்னு பொங்கிக்கிட்டு மேல வரும். வீதியில இருக்கற அத்தனை வீட்டுக்காரங்களும் அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு எடுத்துக்கிட்டு அங்கதான் வருவாங்க. அந்தம்மாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் பேரு ஏகாம்பரம். மகள் பேரு பூஷணம். பூஷணத்தை வெளியூருக்கு அனுப்ப மனசில்லாம அதே வீதியில எதிர்வீட்லயே கட்டிக் குடுத்திருந்தாங்க.

"ம்."

அப்புறம் அந்தம்மா வயசாகி சாமிகிட்ட போயிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு சொந்தக்காரங்க பஸ் ஏறினதுதான் தாமதம், ஆரம்பிச்சுது சண்டை.

ஏகாம்பரம் சொன்னான், "கல்லு என் வீட்டுப் பின்னாடி நட்டிருக்கு. வீடு எனக்குன்னா கல்லும் எனக்குத்தான்."

பூஷணம் சொன்னா, "அம்மா புழங்கின சாமான் பொண்ணுக்குத்தான் வரும். நீயா உக்காந்து மாவரைக்கப் போற?"

"உங்க அண்ணி அரைப்பா."

"அண்ணி அரைச்ச மாவுல இட்லி ஊத்தினா அதை வச்சு ஜன்னல் கண்ணாடிய உடைக்கலாம்!"

அவ்ளோதான். அண்ணனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. தங்கச்சி என்ன பண்ணினா? கல்லைப் பேக்க முடியாது. விடுவிடுன்னு கொல்லைப் பக்கம் போனா, குழவியைத் தூக்கிப் படுக்க வச்சா, குனிஞ்சு ரெண்டு கையாலயும் ஒரு தள்ளு. கடகட கடகட கடகட... வீதியைத் தாண்டி உருட்டிக்கிட்டே போயித் தன் வீட்டுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. டமார்!

இப்போ கூத்தைப் பாரு. அண்ணன் வீட்ல கல்லு இருக்கு, குழவி இல்ல. தங்கச்சி வீட்ல குழவி இருக்கு, கல்லு இல்ல. அண்ணன் ஒரு முழுத் தேங்காயைக் குழியில வச்சு உளுந்தைப் போட்டுச் சுத்திப் பாத்தான். பட்டுன்னு தேங்கா உடைஞ்சு தண்ணி அவன் மூஞ்சியில பீச்சுச்சு. தங்கச்சி ஒரு அண்டாவுக்குள்ள குழவியை இறக்கிச் சுத்திப் பாத்தா. ணங்! அண்டா ஓட்டை. வீதியில ஒரு வீட்லயும் இட்லி இல்ல, தோசை இல்ல. காலையில களி, ராத்திரி கஞ்சி, மறுபடியும் களி. தின்னு தின்னு எல்லார் மூஞ்சியும் களியுருண்டை மாதிரியே ஆயிப்போச்சு.

அண்ணனும் தங்கச்சியும் பேச்சையும் நிறுத்திட்டாங்க. இவன் வாசலுக்கு வந்தா அவ உள்ள போவா. அவ வாசலுக்கு வந்தா இவன் வானத்தைப் பாப்பான்.

"ம்."

அப்போ ஊர்க்காரங்க சொன்னாங்க, "இதுக்கு ஒரு மத்தியஸ்தம் வச்சே ஆகணும்."

மத்தியஸ்தம்னா என்னவா? நீயும் பக்கத்து வீட்டு சுடர்க்கொடியும் ஒரே பொம்மைக்கு அடிச்சுக்கிறீங்க இல்ல, அப்போ நடுவுல ஒருத்தர் உக்காந்து, உன் பக்கமும் சாயாம அவ பக்கமும் சாயாம நியாயம் சொல்றது. என்ன? நான் எப்பவும் சுடர்க்கொடி பக்கம் சாயுறேனா? சரி தாயே, நான் நல்ல மத்தியஸ்தர் இல்ல. நீ "ம்" சொல்லு.

ஆனா அந்த ஊர்ல மத்தியஸ்தத்துக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு. நியாயம் சொல்றவர் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரரா இருக்கக் கூடாது. சரி, அது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். அப்புறம், வழக்கு முடியற வரைக்கும் அவர் ஒரு பருக்கை சாப்பிடக் கூடாது. தண்ணி மட்டும் குடிக்கலாம். ஏன்னா, வயிறு நெறைஞ்சா கொட்டாவி வந்துரும், எவனுக்கு எது போனா என்னன்னு தோணிரும்னு அந்த ஊர்க்காரங்களுக்கு எண்ணம். வழக்கு எப்போ முடியும்? சண்டை போட்டவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே வார்த்தையைச் சொல்லணும். அப்போதான் முடியும். அது வரைக்கும் அவர் ஊரை விட்டும் போகக் கூடாது.

அதனால மத்தியஸ்தம்னு பேச்சு எடுத்தாலே ஊர்ல ஆளைக் காணோம். நாட்டாமை சொன்னாரு, "எனக்கு சர்க்கரை இருக்குப்பா, நேரத்துக்குச் சாப்பிடணும்." வாத்தியார் நெல்லுக் குதிருக்குள்ள இறங்கி ஒளிஞ்சுக்கிட்டாரு. கோயில் பூசாரி, "நான் விரதம்" அப்படின்னாரு. "விரதம்னா வசதியாப் போச்சே, வாங்க"ன்னாங்க. "அட இல்லப்பா, இது சாப்பிடற விரதம்!"னு ஓடியே போயிட்டாரு.

அப்போ பாத்து, குவாக் குவாக் குவாக்!

வீதி முனையில ஒரே புழுதி. வாத்துங்க. வெள்ளை வாத்து, பழுப்பு வாத்து, இப்படி இப்படி இடுப்பை ஆட்டிக்கிட்டு வருதுங்க. பின்னாடி நீட்டுக் கோலை வச்சு, "ஹோய், ஹோய்"னு ஓட்டிக்கிட்டு ஒருத்தர். அவர் பேரு கன்னியப்பன். ஊர் ஊரா வாத்து மேய்க்கிறவர். அடுத்த ஊர்ல நெல்லு அறுத்துட்டாங்க, வயல்ல சிந்தின நெல்லும் நத்தையும் கொட்டிக் கிடக்குதுன்னு கேள்விப்பட்டு, விடிகாலையில எழுந்து ஒண்ணும் சாப்பிடாம ஓட்டிக்கிட்டு வர்றாரு. இன்னொரு வாத்துக்காரன் முந்திக்கிட்டா அவ்ளோதான், இவர் வாத்துங்களுக்கு மிச்சம் வெறும் சேறுதான்.

நாட்டாமை வழியை மறிச்சாரு. "யோவ், இந்த ஊர்ல உனக்கு மாமன் மச்சான் யாராவது உண்டா?"

"ஒருத்தரும் இல்லைங்க."

"பங்காளி?"

"இல்லவே இல்லைங்க. நான் பாட்டுக்குப் போயிருவேன்."

"காலையில சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லைங்க," அப்படின்னு ஆசையாச் சொன்னாரு. பாவம், இட்லி போடத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சுட்டாரு.

"புடிங்கடா இந்தாளை! நம்ம மத்தியஸ்தர் வந்துட்டாரு!"

வாத்தையெல்லாம் நாட்டாமை மாட்டுக் கொட்டகையில அடைச்சாச்சு. கன்னியப்பனை வீதி நடுவுல கொண்டு போயி, அவர் தலையில சுமந்துக்கிட்டு வந்த கூடையையே கவுத்துப் போட்டு உக்கார வச்சாச்சு. இந்தப் பக்கம் அண்ணன். அந்தப் பக்கம் தங்கச்சி. கட்டுப்பாட்டைச் சொன்னாங்க. கன்னியப்பனுக்குக் கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. அவர் வயிறு மட்டும் பதில் சொல்லுச்சு. கொர்ர்ர்ர்.

"ம்... அப்புறம்?"

அப்புறம் விசாரணை. அண்ணனும் தங்கச்சியும் கை நீட்டினா தொடற தூரம்தான். ஆனா நேராப் பேச மாட்டாங்க.

"அந்தாளைக் கேளுங்கண்ணே, எங்கம்மா உடம்பு முடியாம கெடந்தப்ப யாரு கஞ்சி வச்சதுன்னு?" அப்படின்னா பூஷணம்.

கன்னியப்பன் இந்தப் பக்கம் திரும்பி, "கஞ்சி யாரு வச்சது?"ன்னு கேட்டாரு.

"அவளைக் கேளுய்யா, அந்தக் கஞ்சிக்கு உப்பு போட்டாளான்னு?" அப்படின்னான் ஏகாம்பரம்.

கன்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பி, "உப்பு போட்டியாம்மா?" இப்படித் திரும்பித் திரும்பி அவர் கழுத்து சுளுக்கிக்கிச்சு. கஞ்சி, கஞ்சின்னு கேட்டுக் கேட்டு வாயில தண்ணி வேற.

சட்டுன்னு ஒரு தீர்ப்பு சொன்னாரு. "கல்லைப் பேத்து எடுத்துத் தங்கச்சி வீட்ல நட்டுருங்க. என்ன சொல்றீங்க?"

"சரி!" அப்படின்னா தங்கச்சி.

"முடியாது!" அப்படின்னான் அண்ணன்.

வயிறு, கொர்ர்ர்ர்.

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. வெயில் ஏறுது. கொட்டகையில வாத்துங்க, குவாக், குவாக், பசி, பசின்னு கத்துதுங்க. இன்னொரு தீர்ப்பு சொன்னாரு. "கல்லும் குழவியும் ரெண்டு பேருக்கும் பொது. ஒருநாள் இவங்க அரைக்கட்டும், மறுநாள் அவங்க அரைக்கட்டும்."

நல்ல தீர்ப்புதானே? ஊரே தலையாட்டுச்சு. தங்கச்சி "சரி"ன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தா. அதுக்குள்ள அண்ணன் முந்திக்கிட்டு, "சரி!"ன்னுட்டான். அவன் முதல்ல சொல்லிட்டானாம்! உடனே தங்கச்சி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, "முடியாது!"

கன்னியப்பன் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டாரு.

பொம்மி? "ம்" காணோம். தூங்கிட்டியா?

"இல்லம்மா. முழிச்சுக்கிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கேன்."

சரி. கேளு. உச்சி வெயில்ல எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நம்ம ஆளு மட்டும் ஒத்தையா கூடைமேல. அப்போ அண்ணன் பூனை மாதிரி அடி மேல அடி வச்சு வந்தான். துண்டுக்குள்ள ஏதோ மறைச்சிருந்தான். தெறந்தா, சுடச்சுடக் கேழ்வரகுக் களி! பக்கத்துலயே பிதுக்கம்பருப்புக் குழம்பு, ஆமாடி, நான் இப்போ பிதுக்குறேனே, இதே பருப்புதான். கமகமன்னு வாசனை.

"யாரும் பாக்கல. சாப்பிட்டுட்டு எனக்குச் சாதகமாச் சொல்லிரு," அப்படின்னான்.

கன்னியப்பன் கை களி வரைக்கும் போச்சு. தின்னுட்டா கட்டுப்பாடு மீறினவன்னு வாத்தைப் புடிச்சு வச்சுப்பாங்களே! கையை இழுத்துத் தன் தொடைக்கு அடியில வச்சு, அதுமேலயே உக்காந்துக்கிட்டாரு. "எடுத்துக்கிட்டுப் போயிருங்க தெய்வமே!"

ஏகாம்பரம் களியை மூடினான். ஆனா போகல. தலையைச் சொறிஞ்சான். "அது சரி... அவ ஏதாவது சாப்பிட்டாளாமா? இட்லி இல்லன்னா காலையில அவளுக்கு ஒண்ணும் எறங்காது. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். நான் கேட்டேன்னு சொல்லாத!"

அவன் கொண்டுவந்த களி வாசனை கூடப் போகல, அந்தப் பக்கத்துலேர்ந்து பூஷணம் வந்தா. முந்தானைக்குள்ள கொழுக்கட்டை. ஆவி பறக்குது. "எனக்குச் சாதகமாச் சொல்லுண்ணே, எல்லாம் உனக்கே."

கன்னியப்பனுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "வேணாம் தாயி, கொண்டு போயிரு."

அவளும் போகல. கால் கட்டை விரலால மண்ணைக் கீறினா. "அந்தாளுக்குப் பல்லு வலி இருந்துச்சே, விட்டுருச்சாமா? களியை முழுங்குவாரு, வேறென்ன பண்ணுவாரு. நான் கேட்டேன்னு சொல்லிராத!"

அவ போனதும் கன்னியப்பன் மூக்கைத் தடவிக்கிட்டாரு. ஓஹோன்னாரு. இவங்க சண்டை கல்லுக்கு இல்லடா சாமி. யாரு முதல்ல எறங்கி வர்றதுங்கறதுக்குத்தான். நான் இவன் பக்கம் சொன்னா அவ விட மாட்டா, அவ பக்கம் சொன்னா இவன் விட மாட்டான், நடுவுல சொன்னா ரெண்டும் விடாது. அப்போ நாலாவதா ஒரு பக்கம் இருக்குதே?

"எது?"

பொறு. சொல்றேன். கீழ விழுந்த பருப்பை எடு. ம்.

பொழுது சாயுற நேரம். ஊர்க்காரங்க மறுபடியும் கூடிட்டாங்க. தூரத்துல, ஊருக்கு வெளிய, குவாக் குவாக்னு சத்தம். நம்ம வாத்து இல்ல! அந்த இன்னொரு வாத்துக்காரன் வர்றான்! கன்னியப்பன் கூடைமேல ஏறியே நின்னுட்டாரு.

"எல்லாரும் கேளுங்க! மூணாவது தீர்ப்பு. அண்ணனுக்கும் இல்ல. தங்கச்சிக்கும் இல்ல. கல்லு, குழவி, ரெண்டும் எனக்கு!"

வீதியே வாயைப் பொளந்துச்சு. ஏகாம்பரம், "ஆங்?" அப்படின்னான். பூஷணம், "என்னது?" அப்படின்னா.

"ஆமா. கல்லுல நல்ல குழி இருக்கு. அதுல சேத்துத் தண்ணிய ஊத்தி வச்சா என் வாத்துங்க முக்கி முக்கிக் குடிக்கும். உள்ள எறங்கிக் குளிச்சாலும் குளிக்கும்."

அண்ணன் மூக்கு விடைச்சுது.

"குழவியும் உருண்டையா, கனமாத்தான் இருக்கு. அதை வச்சு நத்தையை நசுக்கிப் போடுவேன். பச்சக் பச்சக்னு நசுக்கலாம். நத்தைன்னா என் வாத்துங்களுக்கு உசுரு."

தங்கச்சிக்குக் காது செவந்துச்சு. நத்தை! அம்மா குங்குமம் வச்சுக் கும்பிட்டுட்டு அரைக்குற குழவியில நத்தை!

"என்ன சொல்றீங்க ரெண்டு பேரும்?"

அண்ணன் கத்தினான், தங்கச்சி கத்தினா, ரெண்டு பேரும் ஒண்ணாக் கத்தினாங்க, மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்து போச்சு.

"முடியாது!"

கன்னியப்பன் கூடையிலேர்ந்து தொப்புன்னு குதிச்சாரு. "கேட்டீங்களா? கேட்டீங்களா? ஒரே நேரம்! ஒரே வார்த்தை! வழக்கு முடிஞ்சுது! கொட்டகையைத் தெறங்க!"

நாட்டாமைக்குத் தலை சுத்திருச்சு. "யோவ், இரு இரு. 'சரி'ன்னுதானே சொல்லணும்?"

"ஒரே வார்த்தைன்னுதான் சொன்னீங்க. எந்த வார்த்தைன்னு சொன்னீங்களா?"

நாட்டாமை பூசாரியைப் பாத்தாரு. பூசாரி வாத்தியாரைப் பாத்தாரு. வாத்தியார் தலையிலேர்ந்து நெல்லை உதறிக்கிட்டே, "இல்லதான்"னு சொன்னாரு.

"சரி, அப்போ தீர்ப்பு என்ன?"

"எனக்குக் கல்லு கெடையாது. அதான் தீர்ப்பு. நான் ஒத்துக்கறேன், ரொம்ப சந்தோஷம்!"

இங்க ஊர்க்காரங்க கைதட்டிச் சிரிக்கிறாங்க, அங்க அண்ணன் தங்கச்சி பக்கம் திரும்பிட்டான், நேரா. "நீ எதுக்கு என்கூடச் சேர்ந்து கத்தின?"

"நீதான் என்கூடச் சேர்ந்து கத்தின!"

"எங்கம்மா கல்லுல வாத்து குளிக்கும்னா சும்மா இருப்பேனா?"

"எங்கம்மா குழவியில நத்தை நசுக்குவேன்னா நான் மட்டும் இருப்பேனா?"

"அப்போ என்ன நின்னு பாத்துக்கிட்டு இருக்க? இந்தாளு தூக்கிக்கிட்டு ஓடுறதுக்குள்ள குழவியை எடுத்துக்கிட்டு வா!"

"கனமா இருக்கு, நீயும் வந்து புடி!"

கடகட கடகட கடகட... ரெண்டு பேரும் சேர்ந்து உருட்டிக்கிட்டுப் போறாங்க. கல்லுக்குழியில குழவி எறங்குச்சு. டொக்! வீதியில இருந்தவங்க எல்லாரும் வீட்டுக்கு ஓடினாங்க. எதுக்கு? அரிசியும் உளுந்தும் ஊறப் போட! அன்னிக்கு வீதி பூரா அரிசி களையுற சத்தம்தான், சலக் சலக் சலக்.

"ம்... அப்போ கல்லு யாருக்கும்மா?"

அதுதான் இன்னும் தெரியல. பொழுது சாஞ்சா பூஷணம் குழவியை உருட்டித் தன் வீட்டுக்குக் கொண்டு போயிருவா, நான் இல்லாம இவங்க எப்படி அரைக்கிறாங்கன்னு பாக்குறேன்னு. விடிஞ்சா அண்ணன் வாசல்ல நின்னு, "குழவி வருதா இல்லையா? உளுந்து புளிச்சுப் போகுது!"ன்னு கத்துவான். "வருது, வருது, கத்தாத, பல்லு வலிக்கும்!"னு அவ உருட்டிக்கிட்டு வருவா. நத்தைன்னு யாராவது சொன்னா மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்க வருவாங்க.

அவ்ளோதான். கல்லு தூங்குச்சு, குழவி தூங்குச்சு, கதையும் காலை நீட்டிப் படுத்துருச்சு. நீயும் தூங்கு.

"அம்மா."

என்னடி?

"அவரு இன்னும் சாப்பிடவே இல்லையே?"

யாரு? அய்யய்யோ, கன்னியப்பன்! ஆமாண்டி, மறந்தே போயிட்டேன். மனுசன் காலையிலேர்ந்து பட்டினி! சரி சரி, அவருக்குச் சோறு போட்டுருவோம். கொட்டகையைத் தெறந்தாங்க, வாத்தெல்லாம் குவாக்னு வெளிய வந்துச்சு. ஏகாம்பரம் அந்தக் களியைக் கொண்டுவந்து வச்சான், பூஷணம் கொழுக்கட்டையைக் கொண்டுவந்து வச்சா. "இப்போ சாப்பிடுங்க"ன்னு நாட்டாமையே சொல்லிட்டாரு. கன்னியப்பன் சப்பணம் போட்டு உக்காந்தாரு. கையைக் கழுவினாரு. களியில இவ்ளோ பெரிய உருண்டை உருட்டினாரு. நடுவுல ஒரு குழி பண்ணினாரு. குழம்புல முக்கினாரு, பருப்பு நாலு அதுல ஒட்டிக்கிச்சு. கண்ணை மூடிக்கிட்டு வாயை ஆன்னு தெறந்தாரு, உருண்டை உதட்டுக்கிட்ட வந்துருச்சு...

"கோமளா! மொச்சை ஆச்சா இல்லையா?"

தோ, ஆச்சு அத்தை, வந்துட்டேன்! பொம்மி, தலையை எடு, கண்ணு. இல்லடி, சாப்பிட்டுருவாரு, உருண்டை கையிலதான் இருக்கு, இப்போ வாயைத் தெறந்துக்கிட்டு அப்படியே அவரு...